பழைய காரின் பிரேக் குழாய்: அடியில் அரிக்கும் துருவும் அரைகுறைப் பழுதுபார்ப்பும்

பிரேக் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் நம்மில் பலருக்கு பிரேக் பேட்தான் நினைவுக்கு வரும். பேட் தேய்ந்தால் கிரீச் என்று சத்தம் வரும், பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றிவிடுவோம். ஆனால் நாம் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு செல்லும் மெல்லிய இரும்புக் குழாய் துருப்பிடித்தால் எந்தச் சத்தமும் வராது. குழாய் ஓட்டை விழும் நாள் வரை கார் வழக்கம்போல் நிற்கும். அன்று மட்டும் மிதி தரை வரை இறங்கிவிடும்.

பெரோடுவா கஞ்சில் காரின் தயாரிப்பு 2009ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. புரோட்டோன் வீராவும் அதே ஆண்டோடு முடிந்தது. ஆகக் கடைசியாக வெளிவந்த கஞ்சிலுக்கும் வீராவுக்கும்கூட இன்று 15 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. தோட்டப்புறங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும், இரவு ஷிப்ட் வேலைக்குப் போய் வருவதும் இன்னும் இந்தக் கார்கள்தாம். மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லை. சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பித்தால் போதும், கார் ஓடிக்கொண்டே இருக்கும். இதனால் ஒரு காரின் பிரேக் குழாயை 15 ஆண்டுகளில் யாருமே ஒருமுறைகூடப் பார்க்காமல் இருந்திருக்க முடியும்.

பிரேக் குழாய் ஏன் துருப்பிடிக்கிறது, வெளிநாட்டில் இந்தப் பிரச்சினையைக் கார் நிறுவனங்கள் எப்படிக் கையாண்டன, திரும்பப் பெற்றுச் சரிசெய்த கார்களிலும் பழுது ஏன் தீரவில்லை, நம் காரில் என்ன பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிரேக் குழாய் என்ன வேலை செய்கிறது?

பிரேக்கை மிதிக்கும்போது மாஸ்டர் பம்ப் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போய், அங்குள்ள பம்ப்களை அழுத்தி, பேட்டையும் ஷூவையும் இறுக வைக்கிறது. எண்ணெயைக் கசக்கிச் சுருக்க முடியாது என்பதால், காலின் அழுத்தம் குறையாமல் சக்கரத்திற்குப் போய்ச் சேர்கிறது.

இன்ஜின் அறையிலிருந்து காரின் அடிப்பகுதி வழியாகப் பின்சக்கரம் வரை ஓடுவது இரும்புக் குழாய். சக்கரம் திரும்பும், ஆடும் இடங்களில் மட்டும் ரப்பர் ஹோஸ் இருக்கும். பெரும்பாலான கார்களில் இந்த இரும்புக் குழாயின் தடிமன் ஐந்து மில்லிமீட்டர்கூட இராது. அதன் சுவரோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது அதற்குள் உருவாகும் அழுத்தம் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் 30 மடங்கைத் தாண்டிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்புச் சுவர் இவ்வளவையும் தாங்க வேண்டும். துரு அதில் பாதியைத் தின்றுவிட்டால், மெதுவாக மிதிக்கும்போது தாங்கும். குழந்தை குறுக்கே ஓடிவரும்போது ஓங்கி மிதித்தால் தாங்காது. இந்தப் பழுது மிக அவசரமான நேரத்தில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

கார்களில் பிரேக் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். ஆகவே ஒரு குழாய் வெடித்தால் பிரேக் முழுவதும் போய்விடாது. ஆனாலும் மிதி ஆழமாக இறங்கும், கார் ஒரு பக்கம் இழுக்கலாம், நிற்கும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். அந்த வேகத்தில் கூடுதலாகத் தேவைப்படும் ஒவ்வொரு மீட்டரும் முன்னால் இருப்பவரின் உயிர்.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்புக்குப் பெரிய எதிரி உப்பு கலந்த ஈரம். அமெரிக்காவின் வட மாநிலங்கள், கனடா, பிரிட்டன் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் காரின் அடிப்பகுதி முழுவதும் தெறிக்கிறது. குழாயின் மேல்பூச்சு ஓரிடத்தில் கீறினாலும் போதும், அங்கே துரு தொடங்கிவிடும்.

நம் நாட்டில் பனி இல்லை, சாலையில் உப்பும் இல்லை. அதனால் அந்த வேகத்தில் இங்கே குழாய் அரிப்பதில்லை. இருந்தாலும் நம்மைச் சுற்றி உப்பும் ஈரமும் வேறு வழிகளில் இருக்கின்றன.

முதலாவது கடற்கரை. பாகான் டத்தோ, சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர், கேரித் தீவு போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலேயே உப்பு உண்டு. கடல் ஏற்றத்தின்போது சாலையில் தேங்கும் நீரும் உப்பு நீரே.

இரண்டாவது உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போலவே அதுவும் ஒரு குளோரைடு உப்பு. உர மூட்டைகளைப் பிக்கப்பிலோ பழைய வேனிலோ ஏற்றிச் செல்லும்போது சிந்தும் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு இடுக்குகளில் தங்கிவிடும். தோட்ட வேலைக்குப் பயன்படும் வண்டிகளின் அடிப்பலகை சீக்கிரமே இற்றுப்போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே பலகைக்கு அடியில்தான் பிரேக் குழாயும் ஓடுகிறது.

மூன்றாவது சேறு. செம்மண் சாலையில் ஓடும் காரின் அடியில் அப்பிக்கொள்ளும் மண் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் இந்த மண் புகுந்தால், அந்த இடம் நாள் முழுவதும் ஈரத்துணி சுற்றியதுபோல் கிடக்கும்.

நான்காவது வெள்ளம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் மட்டும் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு இருக்கையையும் மின்கம்பிகளையும் சரிசெய்வார்கள். அடிக்குழாயைக் கழுவிப் பார்ப்பவர்கள் குறைவு.

இவை எல்லாம் வெளித்துரு. உள்ளிருந்தும் துரு வரும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையவை. ஈரம் சேரச் சேர குழாயும் பம்ப்களும் உள்பக்கம் அரிக்கத் தொடங்கும். எண்ணெயின் கொதிநிலையும் இறங்கிவிடும். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலையில் அதற்கான அளவு 140 டிகிரிதான். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் இந்த வேறுபாடு தெரியவரும். பல கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றச் சொல்வதற்கு இதுவே காரணம். நம் ஊர் ஈரப்பதத்திற்கு அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

அமெரிக்காவில் நடந்தது: புகார் வந்தும் திரும்பப் பெறவில்லை

இந்தப் பிரச்சினை பெரிய அளவில் ஆராயப்பட்ட இடம் அமெரிக்கா. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1999 முதல் 2003 வரையிலான பெரிய பிக்கப், எஸ்யூவி வாகனங்களில் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடிப்பதாகப் புகார்கள் குவிந்தன. செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா, தாஹோ, சபர்பன் ஆகியவை இவற்றுள் அடங்கும். அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2010இல் விசாரணையைத் தொடங்கி, 2011இல் அதை விரிவுபடுத்தியது. ஏறக்குறைய 50 லட்சம் வாகனங்கள் அந்த விசாரணைக்குள் வந்தன. ஆயிரக்கணக்கான புகார்களும் நூற்றுக்கும் மேற்பட்ட விபத்துத் தகவல்களும் பதிவாயின.

2015 ஏப்ரலில் அந்த விசாரணை மூடப்பட்டது. திரும்பப் பெறும் உத்தரவு வரவில்லை. இது ஒரு நிறுவனத்தின் தயாரிப்புக் கோளாறு என்று சொல்ல முடியாது, உப்புச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய மற்ற நிறுவன வாகனங்களிலும் இதே தேய்மானம் காணப்படுகிறது என்பது நிர்வாகத்தின் முடிவு. அதே நாளில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வெளியிடப்பட்டது. 2007 மற்றும் அதற்கு முந்தைய வாகனங்களில் ஏழு, எட்டு ஆண்டு உப்புக் குளிர்காலத்திற்குப் பிறகு குழாய் அரிப்பு வரலாம் என்றும், அடிப்பகுதியை அடிக்கடி கழுவ வேண்டும் என்றும், முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் அது கூறியது. குழாயில் துரு செதில் செதிலாக உரியத் தொடங்கியிருந்தால் குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்பது அதன் முக்கிய அறிவுரை.

அதாவது ஆபத்து உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். செலவு மட்டும் கார் வைத்திருப்பவரின் தலையில் விழுந்தது. பழைய பிக்கப்பை ஓட்டுபவர் பொதுவாக வசதி குறைந்தவர். புது வண்டி வாங்க முடியாததால்தான் அவர் பழையதை ஓட்டுகிறார். குழாய் மாற்றும் செலவு அவருக்குப் பெரிய சுமை. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நிலை அன்று என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

திரும்பப் பெற்றும் தீராத பழுது

சுபாரு நிறுவனத்தின் கதை வேறு விதம். லெகசி, அவுட்பேக், இம்ப்ரெசா, ஃபாரஸ்டர் ஆகிய கார்களில் எரிபொருள் தொட்டியின் பாதுகாப்பு மூடியில் உள்ள இடைவெளி வழியாக உப்பு நீர் தெறித்து, பிரேக் குழாய் துருப்பிடிக்கக்கூடும் என்று தெரியவந்தது. 2014இல் உப்புப் பயன்படுத்தும் மாநிலங்களில் ஏறக்குறைய 660,000 கார்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. சரிசெய்யும் முறை இதுதான்: குழாயில் கசிவு உள்ளதா என்று பார்ப்பது, இருந்தால் மாற்றுவது, இல்லாவிட்டால் துருத் தடுப்பு மெழுகு பூசி அனுப்புவது.

அதே ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய 2 லட்சம் கார்களை நிறுவனம் மறுபடியும் அழைத்தது. முதல் அழைப்பில் செய்த வேலை சரியாக நடந்திருக்காது என்பதே காரணம். கார் உரிமையாளரின் பார்வையில் இதைச் சிந்தித்துப் பாருங்கள். கடிதம் வந்தது, கார் போனது, கையெழுத்து போட்டு வீட்டுக்கு வந்தது. கோப்பில் வேலை முடிந்தது. காரின் அடியில் வேலை முடியவில்லை.

திரும்பப் பெற்றுச் செய்யும் பழுதுபார்ப்பு ஏன் சில நேரம் குறைபடுகிறது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு.

ஒன்று, அழைப்பு குறிப்பிட்ட ஆண்டு, குறிப்பிட்ட மாநிலம் என்று வரையறுக்கப்படுகிறது. உப்பு மாநிலத்தில் பத்து ஆண்டு ஓடிவிட்டு, வெயில் மாநிலத்திற்கு விற்கப்பட்ட காருக்கு அந்தக் கடிதம் போகாமல் இருக்கலாம்.

இரண்டு, சரிசெய்வது அழைப்பில் சொன்ன பகுதியை மட்டும். தொட்டிக்கு மேல் ஓடும் ஓர் அடி நீளக் குழாயை மாற்றினால் வேலை முடிந்தது. அதற்கு அடுத்த ஓர் அடியும் அதே வயதுடைய இரும்புதான்.

மூன்று, ஏற்கெனவே தொடங்கிய துருவின் மேல் பூசும் பூச்சு துருவை நிறுத்தாது. சரியாகச் சுத்தம் செய்யாமல் பூசினால் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடுத்த முறை பார்ப்பவரின் கண்ணிலிருந்து துருவை மறைத்தும்விடும்.

நான்கு, கார் கைமாறிவிடுகிறது. மூன்றாவது, நான்காவது உரிமையாளருக்கு நிறுவனத்தின் கடிதம் போய்ச் சேருவது கடினம்.

இந்தக் கடைசிக் காரணம் மலேசியாவிலும் உயிரைக் குடித்திருக்கிறது. பிரேக் விவகாரத்தில் அன்று, டகாடா ஏர்பேக் விவகாரத்தில். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்ட அந்தப் பிரச்சினையில் நம் நாட்டிலும் 2014 தொடங்கி உயிரிழப்புகள் நேர்ந்தன. திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியான பிறகும் மாற்றப்படாத ஏர்பேக்குடன் கார்கள் ஓடின. பழைய கார் வைத்திருப்பவர், தமக்குக் கடிதம் வரவில்லை என்பதால் தம் கார் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிராண்ட் என்று நாம் சொல்லும் வாகனப் பதிவுப் பத்திரத்தில் சேசிஸ் எண் இருக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, காரின் நிறுவனத்திற்குரிய அதிகாரபூர்வச் சேவை மையத்தில் கேட்டாலே போதும். திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் உள்ளதா என்று பார்த்துச் சொல்வார்கள். அது தொடர்பான பழுதுபார்ப்புக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்கள்

பனி உப்பு நமக்குத் தொடர்பில்லாதது என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. பிரிட்டனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ரீகண்டிஷன் கார்கள் இங்கே இறக்குமதியாகின்றன. பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுவது வழக்கம். ஜப்பானின் ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதிகளிலும் பனி கரைக்கும் இரசாயனங்கள் பயன்படுகின்றன. மேலே பளபளப்பாக மெருகேற்றிய காரின் அடியில் அந்தக் குளிர்காலங்களின் அடையாளம் இருக்கலாம்.

பிரிட்டனிலிருந்து வந்த காராக இருந்தால் ஒரு வசதி உண்டு. அங்கு மூன்று வயது தாண்டிய கார்களுக்கு எம்ஓடி எனப்படும் ஆண்டுப் பரிசோதனை கட்டாயம். அந்தப் பரிசோதனையின் வரலாற்றை அந்நாட்டு அரசாங்க இணையத்தளத்தில் காரின் பழைய பதிவு எண்ணைக் கொடுத்து யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பிரேக் குழாய் துருப்பிடித்துள்ளது என்று குறிப்பு எழுதப்பட்டிருந்தால் அதில் தெரியும். விற்பவரிடம் பழைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை

எச்சரிக்கை ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜாக் மட்டும் கொடுத்துத் தூக்கிய காரின் அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஜாக் சரிந்து உயிர்போன சம்பவங்கள் உண்டு. கீழே சொல்பவற்றில் பலவற்றைக் காரின் அடியில் போகாமலேயே பார்க்கலாம்.

1. பிரேக் எண்ணெய்த் தொட்டி. இன்ஜின் மூடியைத் திறந்தால், ஓட்டுநர் பக்கத்தில் கூடுதல், குறைவு என்று இரு கோடுகள் போட்ட சிறிய பிளாஸ்டிக் தொட்டி தெரியும். பேட் தேயத் தேய எண்ணெய் மட்டம் சிறிது இறங்குவது இயல்பு. ஒரு மாதத்திற்குள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் எங்கோ கசிகிறது. எண்ணெய் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். கசிவைத் தேடச் சொல்லுங்கள்.

2. எண்ணெயின் நிறம். புதிய பிரேக் எண்ணெய் வெளிர் மஞ்சள். தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது.

3. மிதியை அழுத்திப் பார்த்தல். கார் சமதரையில் நிற்கட்டும், கியர் நியூட்ரலில் அல்லது பார்க்கில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக் மிதியை நன்றாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மிதி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் குழாய் கசிகிறது அல்லது மாஸ்டர் பம்ப் பழுது. ஓங்கி அழுத்தும்போது இற்றுப்போன குழாய் வெடித்தாலும், அது வீட்டு வாசலில் வெடிப்பது நெடுஞ்சாலையில் வெடிப்பதைவிட நல்லது.

4. தரையில் ஈரம். இரவு நிறுத்திய இடத்தில், சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று காலையில் பாருங்கள். ஏர்கோன் நீர் தெளிவாக இருக்கும், விரலில் வழுவழுப்பு இராது. பிரேக் எண்ணெய் வழுவழுக்கும், பெயிண்ட்டையும் உரித்துவிடும்.

5. சிவப்பு விளக்கு. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால், எண்ணெய் மட்டம் குறைந்திருக்கலாம். விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அது தீயணைப்பு மணியைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

6. லிஃப்டில் ஏற்றும்போது. டயர் மாற்றவோ என்ஜின் எண்ணெய் மாற்றவோ போகும்போது கார் லிஃப்டில் ஏறும். அந்த ஐந்து நிமிடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கைபேசி விளக்கை அடித்துப் பிரேக் குழாய் ஓடும் பாதையைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடி, பின் அச்சின் மேல், பெட்ரோல் தொட்டியின் மேல், குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் முனை ஆகியவை முதலில் அரிக்கும் இடங்கள்.

பார்ப்பதை எப்படிப் புரிந்துகொள்வது? மேலே இலேசான பழுப்பு நிறம் மட்டும் இருந்து, துணியால் துடைத்தால் வழவழப்பான இரும்பு தெரிந்தால் உடனடி ஆபத்து இல்லை. கழுவி, கவனித்து வரலாம். துரு புடைத்திருந்தாலோ, செதிலாக உரிந்தாலோ, குழியாகத் தெரிந்தாலோ அந்தக் குழாயின் காலம் முடிந்தது. ஈரமாக இருந்தால் காரை அங்கிருந்து ஓட்டிச் செல்லாதீர்கள்.

சரியான வேலை எது, அரைகுறை வேலை எது?

பிரேக் குழாய் விஷயத்தில் ஒட்டுப் போடும் வேலைக்கு இடமில்லை. ஓட்டை விழுந்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் குழாய் செருகி கிளிப் போடுவது, பற்றவைப்பது, பசை பூசுவது, ஒரு சக்கரத்திற்குப் போகும் குழாயை மடித்து அடைத்துவிட்டு மூன்று சக்கரத்தில் ஓடச் சொல்வது ஆகியவை எல்லாமே உயிரோடு விளையாடும் வேலை. பழைய பொருள் கடையில் வேறொரு காரிலிருந்து கழற்றிய குழாயை வாங்கிப் போடுவதும் பணத்தை வீணாக்குவதே. அதுவும் அதே வயதுடைய இரும்பாக இருக்கும்.

சரியான முறை, இணைப்பிலிருந்து இணைப்பு வரை குழாயை முழு நீளத்திற்கு மாற்றுவது. நிறுவனத்தின் வளைத்துத் தயாரித்த குழாய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், மேல்பூச்சுள்ள புதிய இரும்புக் குழாயையோ செம்பும் நிக்கலும் கலந்த குழாயையோ அளவுக்கு வெட்டி வளைத்துப் போடலாம். செம்பு நிக்கல் கலவைக் குழாய் துருவை நன்றாகத் தாங்கும். வோல்வோ நிறுவனம் 1970களிலேயே தன் கார்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஏர்கோன் கடைகளில் கிடைக்கும் சாதாரணச் செம்புக் குழாயை அதற்குப் பதிலாகப் போட அனுமதிக்காதீர்கள். அது இந்த அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் செய்யப்பட்டதன்று.

குழாயின் முனையை அதற்குரிய கருவியால் இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு இந்த அழுத்தத்தில் பிளந்துவிடலாம். எந்த வகை மடிப்பு என்பது காருக்குக் கார் மாறும். பிறகு பழைய எண்ணெயை முழுவதும் வெளியேற்றி, புதிய எண்ணெய் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள சில கார்களில் இதற்குக் கணினிக் கருவியும் தேவைப்படும்.

பட்டறையில் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

- முழு நீளத்தையும் மாற்றுகிறீர்களா, ஒரு துண்டை மட்டுமா?
- எந்த வகைக் குழாய் போடுகிறீர்கள்?
- மற்றப் பக்கக் குழாயும் ரப்பர் ஹோஸும் எப்படி இருக்கின்றன?
- பிரேக் எண்ணெய் முழுவதும் மாற்றப்படுமா?
- கழற்றிய பழைய குழாயைக் காட்டுவீர்களா?

வேலை தெரிந்த மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வேலை முடிந்ததும் என்ன மாற்றப்பட்டது என்று எழுதிய ரசீதை வாங்கி வையுங்கள். அரைகுறை வேலைக்குப் பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் அந்த ரசீதுதான் சாட்சி. மலேசியாவில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. சிங்கப்பூரில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கிறது.

பழைய கார் வாங்கும்போது

பெயர் மாற்றும்போது காருக்குப் பரிசோதனை உண்டு. அதில் பிரேக்கும் சோதிக்கப்படும். அந்தச் சான்று அன்றைய நிலைக்கு மட்டுமே உரியது. உருளையின்மேல் நன்றாகப் பிடிக்கும் பிரேக்கின் குழாய் பாதி அரித்த நிலையில் இருக்கலாம். ஆகவே பணம் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. எதை மறைக்க அடித்தார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

சிங்கப்பூரில் மூன்று முதல் பத்து வயதுள்ள கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயது தாண்டியவை ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்குள்ள நம் வாசகர்கள் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் வைத்துவிடாமல், பிரேக் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது பயன் தரும்.

ஓடும்போது மிதி இறங்கிவிட்டால்

பதற்றம் வேண்டாம். காலை எடுத்து மீண்டும் மீண்டும் வேகமாக மிதியுங்கள். மிச்சமுள்ள சுற்றில் அழுத்தம் ஏறக்கூடும். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஆட்டோ கியராக இருந்தால் தாழ்ந்த கியருக்கு மாற்றுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் கம்பியால் இயங்குவது. பிரேக் எண்ணெய் போனாலும் அது வேலை செய்யும். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் பின்சக்கரம் பூட்டி கார் சுழன்றுவிடும். அபாய விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். கார் முழுவதும் நிற்கும் வரை சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தாதீர்கள். ஸ்டேரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும். நின்ற பிறகு, எண்ணெய் ஊற்றிக்கொண்டு பட்டறை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள்.

வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை

கடற்கரைக்குப் போய் வந்தாலோ, தேங்கிய நீரில் ஓட்டினாலோ, உரம் ஏற்றினாலோ அன்றே காரின் அடியை நல்ல தண்ணீரால் அலசுங்கள். மாதம் ஒருமுறை பிரேக் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். கார் பத்து வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை லிஃப்டில் ஏற்றிக் குழாயைப் பாருங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன் டயரையும் எண்ணெயையும் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அந்தப் பட்டியலில் பிரேக் குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் ஓட்டுவதில் குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20 வயது கஞ்சிலும் பத்திரமாக ஓடும். கடிதம் வரவில்லை, விளக்கு எரியவில்லை, பரிசோதனையில் தேறிவிட்டது என்ற மூன்றையும் நம்பி இருந்துவிடாமல், அடியில் ஓடும் குழாயை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவதே குடும்பத்திற்குப் பாதுகாப்பு.